குரூப் 4 கணக்கு: அந்த 25 கேள்விகளுக்குப் பயிற்சி எடுப்பது எப்படி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, மீதி 25 திறனறிவு, அதாவது கணக்கும் காரணவியலும். ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண் என்பதால் கணக்குப் பகுதி மொத்தம் 37.5. பொது அறிவில் எவ்வளவு படித்தாலும் புதிதாக ஏதாவது கேட்டுவிடுவார்கள். கணக்குக்கு அந்தக் கவலை குறைவு. பாடத்திட்டம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்: சுருக்குதல், சதவீதம், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, காலமும் வேலையும், காரணவியலில் எண் வரிசை, எழுத்து வரிசை, பகடை, படங்கள், புதிர். தரம் பத்தாம் வகுப்பு. கேள்வியின் அச்சும் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறுவதில்லை.

அப்படியிருந்தும் பலர் இதில் 14, 15 கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள். கணக்கு வராததுதான் காரணம் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் வேறு கதை தெரியும். வீடியோவில் ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டது, விடையைப் பார்த்துவிட்டு 'ஓ, இவ்வளவுதானா' என்று தாண்டிப்போனது, ஒரு முறை தவறாகப் போட்ட கணக்கைத் திரும்பத் தொடாமலே விட்டது: எல்லா நோட்டிலும் இதுதான். இந்த வழிகாட்டி அதைச் சரிசெய்வதற்கு. கணிதத்தை விட்டுப் பல வருடம் ஆனவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்நாடு அரசின் கணிதப் பாடநூல்கள். ஆறாம், ஏழாம் வகுப்பு நூல்கள் மூன்று பருவமாக இருக்கும், மூன்றும் வேண்டும். எல்லாப் பாடமும் தேவையில்லை. ஆறாம் வகுப்பில் எண்கள், விகிதமும் விகிதசமமும். ஏழில் சதவீதமும் தனிவட்டியும். எட்டில் வாழ்வியல் கணிதம் (சதவீதம், லாப நட்டம், கூட்டுவட்டி, காலமும் வேலையும் எல்லாம் இந்த ஒரே பாடத்தில்). பத்தில் எண்களும் தொடர்வரிசைகளும், அளவியல். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் வரும் தகவல் செயலாக்கம் என்ற பாடத்தைப் பலர் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். காரணவியல் கேள்விகளின் வாசனை அங்கேதான் இருக்கிறது.

பழைய வினாத்தாள்கள். 2018, 2019, 2022, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் நடந்த குரூப் 4 தாள்கள் ஐந்து. தாளுக்கு 25 என்றால் மொத்தம் 125 அசல் கேள்விகள்தான் கையிருப்பு. அதனால் முதல் வாரத்திலேயே அவற்றைப் போட்டுத் தீர்த்துவிடாதீர்கள். 2018, 2019 தாள்களைத் தலைப்புவாரிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் கடைசியில் கடிகாரம் வைத்து எழுத மூடியே வையுங்கள். குறைந்தால் குரூப் 2, குரூப் 1 முதல்நிலைத் தேர்வுகளிலும் இதே மாதிரி 25 கேள்விகள் உண்டு, கொஞ்சம் கடினம் கூடுதல். விடைக்குறிப்பு எடுக்கும்போது இறுதி விடைக்குறிப்பாகப் பாருங்கள். தேர்வு முடிந்ததும் வருவது தற்காலிகக் குறிப்பு. ஆட்சேபணைகளுக்குப் பிறகு அதில் சில விடைகள் மாறியிருக்கலாம். தப்பான குறிப்பை நம்பி, சரியாகப் போட்ட கணக்கைத் திருத்தப் பாதி நாளைத் தொலைப்பவர்கள் உண்டு.

இரண்டு நோட்டு: ஒன்று கணக்குப் போட, இன்னொன்று தப்புகளுக்கு. கால்குலேட்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். தேர்வில் அனுமதி கிடையாது, பயிற்சியிலும் வேண்டாம்.

மனப்பாடம்: சிறிய பட்டியல், ஆனால் முழுதாக

20 வரை வாய்ப்பாடு. 13, 17, 19 மூன்றும்தான் தடுக்கும், அவற்றுக்குக் கூடுதல் நாள். 30 வரை வர்க்கங்கள், 15 வரை கனங்கள். 100க்குள் இருக்கும் 25 பகா எண்கள். பிறகு சதவீதத்துக்கும் பின்னத்துக்கும் இடையே உள்ள உறவு: 12½% என்றால் 1/8, 16⅔% என்றால் 1/6, 8⅓% என்றால் 1/12, 37½% என்றால் 3/8. இது தெரிந்தவருக்கு 640ல் 37½% எவ்வளவு என்பது இரண்டு நொடி: 80 × 3 = 240. தெரியாதவர் 640 × 37.5 என்று எழுதிப் பெருக்கிக்கொண்டிருப்பார்.

செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களாக வரும் எண்கள்: (3, 4, 5), (5, 12, 13), (8, 15, 17), (7, 24, 25), (20, 21, 29). கூம்பின் சாயுயரம் கேட்கும் கணக்கில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இவற்றின் மடங்கோதான் ஒளிந்திருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு நாளைக்கு 15 நிமிடம், இரண்டு வாரம். தனியாக உட்கார வேண்டாம், பேருந்திலேயே முடியும்.

ஒரு கணக்கை உட்கார்ந்து போடும் முறை

முதலில் கேள்வியின் கடைசி வரியைப் படியுங்கள். என்ன கேட்கிறார்கள்? அசலா, வட்டியா, மொத்தத் தொகையா? ஆரமா, விட்டமா? அதன் கீழ் ஒரு கோடு. பிறகு மேலிருந்து படித்து, கொடுத்திருக்கும் எண்களை அலகோடு எழுதுங்கள். மீட்டரும் சென்டிமீட்டரும் கலந்திருந்தால் இங்கேயே ஒன்றாக்கிவிட வேண்டும்.

அடுத்து, கணக்கைத் தொடங்குமுன் விடை எந்த அளவில் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு. இதைப் புதியவர்கள் செய்வதே இல்லை. ராமு ஒரு வேலையை 12 நாளிலும் சோமு 15 நாளிலும் முடிப்பார்கள், சேர்ந்தால் எத்தனை நாள்? இருவருமே ராமு வேகம் என்றால் 6 நாள், இருவருமே சோமு வேகம் என்றால் 7½ நாள். விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். நான்கு விடைகளில் 13½, 9, 6⅔, 5 என்றிருந்தால் பேனாவைத் தொடாமலே விடை 6⅔ என்று தெரிந்துவிடும்.

அப்புறம்தான் கணக்கு. போட்டு முடித்ததும் விடையைக் கேள்விக்குள் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பயிற்சியின் முதல் மாதத்தில் இது கட்டாயம், தேர்வில் நேரம் இருந்தால்.

வரவில்லை என்றால்? 5 நிமிடம் முட்டுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் தீர்வைத் திறந்து, முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். அந்த வரியிலிருந்து தொடர முடிகிறதா பாருங்கள். முழுத் தீர்வையும் படித்தாக வேண்டி வந்தால், படித்து முடித்து மூடிவிட்டு, வெற்றுத்தாளில் முதலிலிருந்து நீங்களே போட வேண்டும். படித்துப் புரிந்ததும் தானே போட்டதும் வேறு வேறு, இதைத் தேர்வறையில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

சதவீதத்தில் எது நூறு?

முதலில் சதவீதத்தைப் பிடியுங்கள். வட்டியும் லாப நட்டமும் பரப்பில் வரும் மாற்றமும் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. இந்தத் தலைப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் நடக்கின்றன: எது நூறு என்பதில்.

சர்க்கரை விலை 25% ஏறுகிறது. செலவு கூடாமல் இருக்க உபயோகத்தை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்? அவசரக்காரர் 25% என்று நிரப்புவார், அது விடைகளில் கட்டாயம் இருக்கும். விலை 100 ஆக இருந்தது 125 ஆனது. குறைக்க வேண்டிய 25, இப்போது 125க்கு. 25/125 என்றால் 20%. ஏறும்போது நூறாக இருந்தது, இறங்கும்போது நூற்றிருபத்தைந்தாகிவிட்டது.

அதே போல ஒரு பொருளின் விலை 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் பழைய இடத்துக்கு வராது: 100, 120, 96. நிகரமாக 4% குறைவு. வட்டத்தின் ஆரம் 10% கூடினால் பரப்பு எவ்வளவு கூடும் என்பதும் இதே கணக்குதான்: 100, 110, 121, ஆக 21%. இரண்டு மாற்றங்களையும் கூட்டி, அவற்றின் பெருக்கலை 100ஆல் வகுத்துச் சேர்த்தால் போதும்: 10 + 10 + 1. இறக்கத்துக்குக் கழித்தல் குறி. சூத்திரம் மறந்தால் பரவாயில்லை, 100 வைத்துப் போடுங்கள், பத்து நொடிதான் வித்தியாசம்.

இன்னொரு வகை: ஓர் எண்ணின் 40 சதவீதத்தோடு 42ஐக் கூட்டினால் அதே எண் கிடைக்கிறது, அந்த எண் என்ன? மீதி 60%தான் 42, ஆக எண் 70. பிடிபடாவிட்டால் விடைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 70ல் 40% 28, கூட்டினால் 70. தேர்வில் வழிமுறைக்கு மதிப்பெண் கிடையாது, விடைத்தாளில் நிரப்பும் வட்டத்துக்குத்தான்.

காலமும் வேலையும்: பின்னத்தை விட்டு அலகுக்கு வாருங்கள்

பள்ளியில் 1/12 + 1/15 என்று போடப் பழகியிருப்போம். தவறில்லை, ஆனால் மெதுவாக நகரும். பின்னத்தில் கை தடுமாறும். வேலையை ஓர் எண்ணாக வைத்துக்கொள்வது எளிது. 12, 15 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 60. மொத்த வேலை 60 அலகு என்று வையுங்கள். ராமு ஒரு நாளைக்கு 5 அலகு, சோமு 4. சேர்ந்தால் 9. 60ஐ 9ஆல் வகுத்தால் 6⅔ நாள்.

கணக்கு நீண்டாலும் இதே முறை தாங்கும். இருவரும் 4 நாள் சேர்ந்து செய்கிறார்கள், பிறகு ராமு விலகுகிறார். 4 நாளில் 36 அலகு முடிந்தது, மீதி 24. சோமுவுக்கு நாளைக்கு 4 வீதம் 6 நாள். இங்கேதான் கேள்வியின் கடைசி வரி முக்கியம். 'மீதி வேலையை சோமு எத்தனை நாளில் முடிப்பார்' என்றால் 6. 'வேலை மொத்தம் எத்தனை நாளில் முடிந்தது' என்றால் 10. இரண்டும் விடைகளில் இருக்கும். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு மதிப்பெண்ணை இழப்பது இப்படித்தான்.

ராமு சோமுவைப் போல இருமடங்கு வேலை செய்வார், இருவரும் சேர்ந்தால் 14 நாள், ராமு தனியாக எத்தனை நாள்? சோமுவுக்கு நாளைக்கு 1 அலகு, ராமுவுக்கு 2, சேர்ந்து 3. மொத்த வேலை 42. ராமுவுக்கு 21 நாள். 42 சோமுவுக்கு, 28 யாருக்கும் இல்லை. இரண்டும் பொறியாக நிற்கும்.

தண்ணீர்த் தொட்டிக் கணக்கும் இதே குடும்பம். ஒரு குழாய் 12 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 15 மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் திறந்தால்? 60 அலகுத் தொட்டி, மணிக்கு 5 உள்ளே, 4 வெளியே, நிகரம் 1. நிரம்ப 60 மணி.

ஆட்கள், நாட்கள், மணி நேரம் மூன்றும் வந்தால் எல்லாவற்றையும் பெருக்கி 'ஆள் மணி' ஆக்குங்கள். 15 பேர் நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 12 நாளில் முடிக்கும் வேலை 1440 ஆள் மணி. 10 பேர், நாளைக்கு 9 மணி என்றால் நாளைக்கு 90. 16 நாள். நேர்விகிதம், எதிர்விகிதம் என்று அம்புக்குறி போட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

வட்டி

தனிவட்டிக்கு அசல் × காலம் × வீதம் ÷ 100. இது எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டியது, அதை வேண்டாமென்று ஒதுக்கும் இடங்கள். ஒரு தொகை தனிவட்டியில் 8 ஆண்டில் இருமடங்காகிறது, எப்போது மும்மடங்காகும்? 8 ஆண்டில் அசலளவு வட்டி வருகிறது. மும்மடங்காக அசலைப் போல் இரண்டு பங்கு வட்டி வேண்டும். ஆக 16 ஆண்டு. 12 என்று போடுபவர்கள் மொத்தத் தொகைக்கு விகிதம் எடுத்தவர்கள்.

கூட்டுவட்டியில் இதே கேள்வி வேறு மாதிரி நடந்துகொள்ளும். 5 ஆண்டில் இருமடங்கு என்றால் 10 ஆண்டில் 4 மடங்கு, 15 ஆண்டில் 8 மடங்கு. வட்டி வகை எது என்பதைக் கோடிட்டுக்கொள்ளாவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

அடிக்கடி வருவது கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு ஆண்டுக்கு வித்தியாசம், அசலை வீதத்தால் இருமுறை பெருக்கினது. 8000 ரூபாய், 5%: 8000ல் 5% என்றால் 400, 400ல் 5% என்றால் 20. அவ்வளவுதான். மூன்று ஆண்டு என்றால் அந்த 20ஐ மூன்று மடங்காக்கி, அதோடு 20ன் 5% ஆகிய 1ஐச் சேருங்கள்: 61. நம்பிக்கை வராவிட்டால் நீளமாகப் போட்டுப் பாருங்கள்: கூட்டுவட்டி 1261, தனிவட்டி 1200.

'அரையாண்டுக்கு ஒரு முறை வட்டி கணக்கிடப்பட்டால்' என்ற சொற்கள் எங்கே இருந்தாலும் வட்டமிடுங்கள். வீதம் பாதி, காலம் இரட்டிப்பு. 8000 ரூபாய்க்கு 10%, ஓராண்டு, அரையாண்டு வட்டி என்றால் 820. அந்தச் சொற்களைக் கவனிக்காதவருக்கு 800 வரும், அதுவும் விடைகளில் காத்திருக்கும்.

மீ.சி.ம., மீ.பெ.கா.

மீ.சி.ம. என்பது மீச்சிறு பொது மடங்கு, மீ.பெ.கா. என்பது மீப்பெரு பொதுக் காரணி. பழைய புத்தகங்களில் மீ.பெ.கா.வுக்கு மீப்பெரு பொது வகுத்தி என்றிருக்கும், இரண்டும் ஒன்றே. எதை எடுப்பது என்பதுதான் குழப்பம். 'மிகச்சிறிய எண்', 'மறுபடி எப்போது ஒன்றாக ஒலிக்கும்' என்றால் மீ.சி.ம.; 'வகுக்கும் மிகப்பெரிய எண்', 'சமமான மிக நீளமான துண்டு' என்றால் மீ.பெ.கா.

6, 8, 12ஆல் வகுக்க ஒவ்வொரு முறையும் மீதி 3 வரும் மிகச்சிறிய எண்: மீ.சி.ம. 24, அதோடு 3, ஆக 27. அதே எண்களால் வகுக்க மீதி 4, 6, 10 என்று வந்தால்? 6லிருந்து 4, 8லிருந்து 6, 12லிருந்து 10, மூன்றிலும் குறை 2. ஆக 24லிருந்து 2 கழித்து 22. மீதி வெவ்வேறாக இருந்தால் குறையைப் பார்க்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும். 43, 91, 183 மூன்றையும் வகுத்து ஒரே மீதி தரும் மிகப்பெரிய எண் என்றால் வித்தியாசங்களை எடுங்கள்: 48, 92, 140. அவற்றின் மீ.பெ.கா. 4.

இரு எண்களின் பெருக்கல் அவற்றின் மீ.சி.ம., மீ.பெ.கா. பெருக்கலுக்குச் சமம். இரு எண்களுக்கு மட்டும். மூன்று எண்களுக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் ஏராளம். 2, 4, 6க்குப் போட்டுப் பாருங்கள், 48ம் 24ம் வரும்.

விகிதத்தில் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். 2:3, 4:5 என்று இரண்டு விகிதம் தந்து மூவருக்கும் பங்கு கேட்டால், நடுவில் இருப்பவரின் எண்ணைச் சமமாக்காமல் ஒட்டக்கூடாது. 8:12:15.

அளவியலும் சுருக்குதலும்

அளவியலில் சூத்திரம் தெரிந்தும் விடும் இடங்கள் மூன்று. விட்டத்தை ஆரமாக எடுப்பது: விட்டம் 14 செ.மீ. என்றால் வட்டத்தின் பரப்பு 154. 14ஐ ஆரமாக எடுத்தவருக்கு 616. வளைபரப்பையும் மொத்தப் புறப்பரப்பையும் மாற்றுவது: ஆரம் 7, உயரம் 10 உள்ள உருளைக்கு வளைபரப்பு 440, மொத்தப் பரப்பு 748. அரைக்கோளத்தில் இந்த மாற்றம் இன்னும் அதிகம் நடக்கும். மூன்றாவது அலகு: 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 80 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் எத்தனை லிட்டர்? 80 செ.மீ. 0.8 மீட்டர், கன அளவு 2.4 கன மீட்டர், ஒரு கன மீட்டர் 1000 லிட்டர், ஆக 2400.

சுருக்குதலில் 36 − 12 ÷ 4 × 3 + 5 போன்றவை. வகுத்தலும் பெருக்கலும் இடமிருந்து வலம், பிறகு கூட்டலும் கழித்தலும் இடமிருந்து வலம்: 36 − 9 + 5 = 32. பெருக்கலை முதலில் செய்தவருக்கு 40, கூட்டலை முதலில் செய்தவருக்கு 22. தொடர் கூட்டல்களில், 1 முதல் 10 வரை கனங்களின் கூடுதல் 55ன் வர்க்கம், 3025. 11 முதல் 20 வரை கேட்டால் 20 வரைக்கான 210ன் வர்க்கத்திலிருந்து அதைக் கழியுங்கள்: 44100 − 3025 = 41075. 1 + 3 + 5 என்று 39 வரை போனால் எத்தனை உறுப்பு என்பதைக் கணக்கிடுங்கள், 20, விடை 400.

காரணவியல்

இதற்குச் சூத்திரம் குறைவு, பழக்கம்தான். எண் வரிசையில் முதலில் அடுத்தடுத்த வித்தியாசம். அது ஒழுங்காக இல்லாவிட்டால் பெருக்கல். அதுவும் இல்லாவிட்டால் ஒன்று விட்டு ஒன்று. 4, 30, 7, 25, 10, 20 என்பது இரண்டு வரிசை பின்னிக் கிடப்பது, அடுத்தது 13. வரிசை நீளமாகவும் எண்கள் ஏறி இறங்கியும் இருந்தால் நேரே மூன்றாவதற்குப் போங்கள். ஆங்கில எழுத்து வரிசைக்கு ஈ, ஜே, ஓ, டி, ஒய் ஐந்தும் 5, 10, 15, 20, 25ஆவது எழுத்துகள் என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை விரலில் நிற்கும். தலைகீழ் இடம் வேண்டுமானால் 27லிருந்து கழியுங்கள். பகடையில் எதிர் முகங்களின் கூடுதல் 7 என்று எடுத்ததும் நம்பாதீர்கள். கேள்வி அப்படிச் சொல்ல வேண்டும். இரண்டு படத்திலும் 1 இருந்து, பக்கத்தில் ஒன்றில் 2, 3, மற்றதில் 4, 5 தெரிந்தால், 1க்கு எதிர் 6. ஒரு நாளைக்கு ஐந்து கேள்வி போதும்.

தப்பு நோட்டு

பயிற்சியில் பாதிப் பலன் இங்கேதான் கிடைக்கும் என்பது எங்கள் கருத்து. தவறிய ஒவ்வொரு கணக்குக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: கேள்வி முழுதாக, நீங்கள் போட்ட விடை, என்ன வகைத் தவறு, அடுத்த முறை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று ஒரே வரி. சரியான தீர்வை இதில் எழுதாதீர்கள். எழுதினால் திரும்பப் போடும்போது கண் அங்கே போய்விடும்.

தவறின் வகைக்கு ஒற்றை எழுத்துப் போதும். வாசிப்பில் தவறு 'வா', வழி தெரியாதது 'வ', கூட்டல் பெருக்கலில் தவறு 'க', ஊகித்துச் சரியானது 'ஊ'. கடைசி வகையையும் எழுத வேண்டும். ஊகித்துச் சரியான கணக்கு தெரிந்த கணக்காகாது. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள், அந்தச் சொல்லால் எதையும் திருத்த முடியாது. 'விட்டத்தை ஆரமாக எடுத்தேன்' என்று எழுதினால் திருத்தலாம்.

வாரம் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். 'வா' அதிகம் என்றால் புதுக் கணக்கு வேண்டாம், கோடிடும் பழக்கத்தைக் கூட்டுங்கள். 'க' அதிகம் என்றால் வாய்ப்பாட்டுக்குத் திரும்புங்கள். 'வ' ஒரே தலைப்பில் குவிந்திருந்தால் அந்தப் பாடத்தின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மறுபடி முழுதாகப் போடுங்கள்.

நோட்டில் ஏறிய கணக்கை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், மூன்று வாரம் கழித்தும் போட வேண்டும். இடைவெளி விட்டு இரண்டு முறை தொடர்ந்து சரியாக வந்தால் அடித்துவிடலாம். 300 புதிய கணக்கு போட்டவரை விட, 150 போட்டு அதில் தவறிய 50ஐ மூன்று முறை போட்டவர் தேர்வில் மேலே நிற்பார்.

கடிகாரம் எப்போது?

முதல் மாதம் வேண்டாம். வழி தெரியாத கணக்கை வேகமாகப் போட்டால் வேகமாகத் தப்புதான் வரும். ஒரு தலைப்பில் பத்துக்கு எட்டு சரியாக வரத் தொடங்கியதும் அந்தத் தலைப்புக்கு மட்டும் நேரம் வையுங்கள். பிறகு கலந்த 25 கேள்விகள், முதலில் 60 நிமிடம், வாரத்துக்குக் கொஞ்சம் குறைத்து 45க்கு வாருங்கள்.

ஏன் 45? மொத்தம் 180 நிமிடத்தில் 200 கேள்வி என்றால் கேள்விக்கு 54 நொடி. தமிழும் பொது அறிவும் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்கும். தமிழுக்கு 55, பொது அறிவுக்கு 50, கணக்குக்கு 45 என்று பிரித்தால் 30 நிமிடம் மிஞ்சும். ஓ.எம்.ஆர். தாளில், அதாவது வட்டங்களை நிரப்பும் விடைத்தாளில், ஒரு வட்டம் நிரப்ப 5 நொடி வைத்தாலும் 200க்கு 17 நிமிடம் ஆகிவிடும், அது அந்த முப்பதில் அடக்கம்.

45 நிமிடத்தை மூன்று சுற்றாக ஓட்டுங்கள். முதல் சுற்றில் பார்த்ததும் வழி தெரிவதை மட்டும் போடுங்கள், 20 நிமிடத்தில் 15 கேள்வி வரை போகும். இரண்டாவதில் வழி தெரிந்தும் நீளமானவை. மூன்றாவதில் விடைகளை வைத்துப் பார்த்தும் மதிப்பிட்டும் கழிப்பது. ஒரே கேள்வியில் 3 நிமிடம் தாண்டினால் கையை எடுத்துவிட வேண்டும். இந்த ஒழுங்கை வீட்டில் பழகாமல் தேர்வறையில் கொண்டுவர முடியாது.

கணக்குப் போட வெள்ளைத்தாள் தர மாட்டார்கள், வினாத்தொகுப்பில் விட்டிருக்கும் இடத்தில்தான் போட வேண்டும். அதனால் கடைசி மூன்று வாரம் பயிற்சியையும் குறுகிய இடத்தில், சின்ன எழுத்தில், கேள்வி எண்ணைப் போட்டுச் செய்யுங்கள். எண் போடாவிட்டால் இரண்டாம் சுற்றில் திரும்பும்போது எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

திறனறிவுக் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் வாக்கியம் முறுக்கிக்கொண்டு புரியாவிட்டால் பக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் பொருள் மாறினால் ஆங்கிலத்தையே இறுதியாகக் கொள்வார்கள். இதற்காக சிம்பிள் இன்ட்ரஸ்ட், காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட், பிரின்சிபல், ரேடியஸ், டயாமீட்டர், கர்வ்டு சர்ஃபேஸ், ரிமெய்ண்டர் என்று ஒரு முப்பது சொற்களை ஆங்கிலத்திலும் அடையாளம் காணத் தெரிந்திருந்தால் போதும்.

விடைத்தாளில்

கறுப்பு பந்துமுனைப் பேனா மட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். கடைசி வட்டமான ஈ (ஆங்கில எழுத்து E), விடை தெரியவில்லை என்பதற்கு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே கணக்கில் இரண்டு விடைகளைக் கழிக்க முடிந்தாலும் மீதி இரண்டில் ஒன்றை நிரப்புங்கள், ஈக்குப் போக வேண்டாம். எதையுமே நிரப்பாமல் ஒரு கேள்வியை விட்டுவிடக் கூடாது. அதற்கான விதி அறிவிக்கையிலும் வினாத்தொகுப்பின் முகப்பிலும் இருக்கும், ஒரு முறை முழுதாகப் படித்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் ஒன்றைத் தாண்டிப் போகும்போதுதான் வட்டம் ஒரு வரி இடம் மாறும். தாண்டிய கேள்வி எண்ணை வினாத்தொகுப்பில் சுழித்துவிட்டு, ஐந்து கேள்விக்கு ஒரு முறை எண்ணையும் வட்டத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மாதிரித் தேர்வுகளையும் ஓ.எம்.ஆர். நகலில் நிரப்பியே எழுதுங்கள், காலை 9.30க்கு உட்கார்ந்து 12.30க்கு எழுந்திருங்கள். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் இந்தக் கணக்குகளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால், மாதிரித் தேர்வில் கணக்கை மட்டும் தனியாக எழுதிப் பழகியவர்கள் முழுத்தாளையும் குறைந்தது மூன்று முறையாவது எழுதிப் பார்க்க வேண்டும். மூடி வைத்த அந்த மூன்று பழைய தாள்களும் இதற்குத்தான்.